கணினி நிரலொன்றின் பழுதும் தமிழ்ப் பெயர்களும்: உடுப்பிட்டி அனுபவமொன்றை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

கருவியொன்று பழுதுபடும்போது, அப்பழுதினைக் கருவியின் மாறா இயல்பாகக் கொள்ளுதலும், அன்றேல் அதனைக் கையாள்பவரின் அறியாமையாகக் கொள்ளுதலும் நம்மிடையே வழக்கமாகியுள்ளன. முன்னது கருவியைப் பழிக்கின்றது. பின்னது மனிதரைப் பழிக்கின்றது. மேலோட்டமாக நோக்குமிடத்து இவை எதிரெதிரான விளக்கங்களாகத் தோன்றினும், கருவி என்பது குறிப்பிட்டதொரு காலத்திலே, குறிப்பிட்ட தேவைகளை முன்னிட்டு, மனித உழைப்பினால் ஆக்கப்பட்டது என்னும் உண்மையை இரண்டுமே மறைத்துவிடுகின்றன. கணினியிலே தமிழைக் கையாள்வது பற்றி நடைபெறும் உரையாடல்கள் பலவற்றில் இம்மறைப்பினைக் காணலாம்.

இதனைப் பொதுப்படப் பேசுவதிலும் பார்க்க, மிகச் சிறியதொரு சான்றினை எடுத்து நுணுகி ஆராய்வது பயனுடையது. கணினியின் திரைமுகப்பினை மீளத் தொடக்கி, முன்னர் திறந்திருந்த கோப்புறைகளை மறுபடி திறப்பதற்கென எழுதப்பட்ட சில வரிக் கட்டளைநிரல் ஒன்றே இக்கட்டுரையின் பொருள். அந்நிரல் எவ்வாறு பழுதுபட்டது, பழுதின் இருப்பிடம் எவ்வாறு கண்டறியப்பட்டது, அப்பழுது எத்தகைய வரலாற்றின் எச்சம் என்பனவற்றை விளக்க முனைகின்றோம். நாம் கணினியியற் புலமையாளர் அல்லோம். இலக்கிய ஆய்வையே தொழிலாகக் கொண்டோம். ஆயின் பாடங்களை ஒப்புநோக்கிப் பிழை புகுந்த இடத்தைத் தேடுதல் எமது துறைக்கும் புதியதன்று.

2

வடமராட்சியிலே, உடுப்பிட்டியில், சனசமூக நிலையமொன்றின் சிறிய அறையில், ஊரவர் தம் வீடுகளில் வைத்திருந்த பழைய அச்சுப் பொருட்களைப் படம்பிடித்துக் கணினியிற் சேர்க்கும் பணி நடைபெற்றுவந்தது. பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள், துண்டுப் பிரசுரங்கள், கையெழுத்துச் சஞ்சிகைகள், அந்தியேட்டியன்று வழங்கப்படும் கல்வெட்டுகள் ஆகியன அங்கு சேர்ந்தன. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்த பின்னர், தனியார் வீட்டுப் பெட்டகங்களில் எஞ்சியிருப்பவை பெற்றுள்ள முக்கியத்துவத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2005 இல் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் எழுத்துகளைத் திரட்டி யாவர்க்கும் திறந்துவைத்ததன் பின், இத்தகைய பணி ஊர்மட்டத்திலும் செய்யக்கூடியது என்னும் நம்பிக்கை வலுப்பெற்றது.

நிலையத்தின் கணினி பழையது, நினைவகமோ சிறியது. நூற்றுக்கணக்கான பக்கப் படங்களைக் கொண்ட கோப்புறைகள் பல ஒருங்கே திறந்திருக்குமிடத்து, சில மணி நேரத்தில் திரையின் அடியிலுள்ள பணிப்பட்டை அசைவற்றுவிடும். படம்பிடிக்கும் மென்பொருள் இயங்கிக்கொண்டிருக்கும். திரைமுகப்பு மட்டும் உறைந்து நிற்கும். முழுக் கணினியையும் நிறுத்தித் தொடக்கினால் கால் மணி நேரம் வீணாகும். எனவே, திரைமுகப்பை மட்டும் முடித்து மீளத் தொடக்கி, திறந்திருந்த கோப்புறைகளை மறுபடி திறக்கும் நிரலொன்று அங்கு வைக்கப்பட்டிருந்தது.

நிரலை இயக்கியபோது பணிப்பட்டை மீண்டது. ஆங்கில எழுத்தில் பெயரிடப்பட்ட கோப்புறைகளும் மீண்டன. தமிழிற் பெயரிடப்பட்டவை ஒன்றேனும் மீளவில்லை. அவற்றுக்குப் பதிலாக, விண்டோஸ் தானே அமைத்துத் தந்துள்ள ஆவணக் கோப்புறை மீண்டும் மீண்டும் திறந்தது; அது வெறுமையாக இருந்தது. பல மாத உழைப்பு அழிந்துவிட்டது என்றே அங்கு பணியாற்றிய இளம்பெண் முதலில் அஞ்சினார். எதுவும் அழியவில்லை என்பதைக் கண்டதும், இனி இவ்வச்சம் நேராதிருக்கும்பொருட்டு, தமிழ்ப் பெயர்கள் அனைத்தையும் ஆங்கில எழுத்துக்கு மாற்றத் தொடங்கினார். பழுதினும் பார்க்க இத்தீர்வே எம்மைச் சிந்திக்கவைத்தது.

3

நிரலை விளங்கிக்கொள்வதற்கு முன், திரைமுகப்பு என்பது யாது எனக் காண்பது அவசியம். விண்டோஸிலே பணிப்பட்டை, தொடக்கப் பட்டியல், திரைமுகப்பிலுள்ள குறும்படங்கள் ஆகியவற்றைக் காட்டுவது எக்ஸ்புளோரர் என்னும் செயலி. கணினியின் உட்கருவைப் போர்த்தி, பயன்படுத்துவோருக்கும் அதற்கும் இடைநிற்பதனால் இதனை ‘ஷெல்’, அதாவது ஓடு, என்பர். கோப்புறைச் சாளரங்களைத் திறந்து காட்டுவதும் இதே எக்ஸ்புளோரர்தான். 1995 இல் வெளிவந்த விண்டோஸ் 95 முதல் இவ்வமைப்பு நிலைபெற்றுள்ளது. இவ்விரு பணிகளும் ஒரே செயலியிடம் இருப்பதனாலேயே, உறைந்த பணிப்பட்டையை விடுவிக்கச் செயலியை முடிக்கும்போது கோப்புறைச் சாளரங்களும் உடன் மறைகின்றன. ஓட்டினை அடித்தளத்தின் மீதெழுந்த மேலமைப்பென உருவகிக்க எமது மாணவர் சிலர் விழையக்கூடும். அது உவமையாகுமேயன்றி விளக்கமாகாது. அவ்வழி செல்வதை இங்கு தவிர்க்கின்றோம்.

நிரலின் செயலை நான்கு அங்கங்களாகப் பகுக்கலாம். முதலாவது, திறந்துள்ள கோப்புறைகளின் முகவரிகளைத் திரட்டி ஒரு கோப்பில் எழுதுதல். இரண்டாவது, எக்ஸ்புளோரரை முடித்தல். மூன்றாவது, அதனை மீளத் தொடக்குதல். நான்காவது, எழுதிவைத்த முகவரிகளை ஒவ்வொன்றாக வாசித்துத் திறத்தல். எந்த அங்கத்திலும் பழுது புகலாம். ஆதலின் பழுது தேடுவோர் நான்கினையும் தனித்தனியே இயக்கிப் பார்த்தல் வேண்டும். நால்வகைப் பொதுப் பிழைகளை முதலிற் குறிப்பிடுவோம்.

ஒன்று, விண்டோஸின் கோப்புறைத் தெரிவுகளில், மறுமுறை உள்நுழையும்போது முன்னைய கோப்புறைச் சாளரங்களை மீட்கும் ஏற்பாடு உண்டு. அதனைத் தெரிவுசெய்துவிட்டால் தனி நிரல் வேண்டியதில்லை எனப் பலர் எண்ணுவர். முறைப்படி வெளியேறும்போது மட்டுமே எக்ஸ்புளோரர் தன் நிலையைக் குறித்துவைக்கின்றது. வலிந்து முடிக்கப்படும்போது அதற்கு அவகாசமில்லை. எனவே நிரலே பட்டியலை எழுதிவைத்தல் வேண்டும்.

இரண்டு, முடிக்கும் முறையைப் பொறுத்து, சில வேளைகளில் விண்டோஸின் உள்நுழைவுப் பகுதி ஓட்டினைத் தானே மீள எழுப்பிவிடும். அதனை அறியாது நிரலும் எக்ஸ்புளோரரை அழைக்குமாயின், ஓடு இரண்டாவதில்லை. வேண்டாத கோப்புறைச் சாளரம் ஒன்று திறக்கும். ஆகவே, ஓடு எழுந்துவிட்டதா எனப் பார்த்து, எழாதவிடத்து மட்டும் அழைத்தல் தகும். ஓடு முழுமையாக எழும்வரை சில விநாடிகள் காத்திருந்த பின்னரே கோப்புறைகளைத் திறக்கவேண்டும்.

மூன்று, இடைவெளியுள்ள பெயர்களை மேற்கோட்குறிகளுள் அடைத்தல் வேண்டும். ஆயின் ‘ஸ்டார்ட்’ என்னும் கட்டளை, தன்னையடுத்து மேற்கோட்குறிகளுள் வரும் முதற்றொடரைச் சாளரத்தின் தலைப்பு எனக் கொள்ளும். முகவரியை அவ்விடத்தில் வைத்தால், கோப்புறை திறவாது, அம்முகவரியையே தலைப்பாகக் கொண்ட வெறுங் கட்டளைச் சாளரம் திறக்கும். முதலில் வெறுமையான மேற்கோட்குறி இணையொன்றை இட்டு, அதன்பின் முகவரியை இடுதலே வழி.

நான்கு, கோப்புறைச் சாளரத்தின் மூலம் கோப்புகளைப் பிரதிசெய்துகொண்டிருக்கும்போது இந்நிரலை இயக்கலாகாது. பிரதிசெய்யும் பணியும் எக்ஸ்புளோரரிடமே இருப்பதால், அது இடையில் அறுந்துபோகும். இங்கே இழப்பு மெய்யான இழப்பாகும்.

எமது நிரலில் இந்நான்கும் சரியாகவே இருந்தன. ஆங்கிலப் பெயர்கள் மீண்டமை அதற்குச் சான்று. ஆகவே பழுது, தமிழ்ப் பெயர்கள் மட்டும் வேறுபட நடத்தப்படும் ஏதோவொரு கட்டத்தில் இருத்தல் வேண்டும் என்னும் முடிவுக்கு வந்தோம்.

4

முதல் அங்கம் எழுதிவைத்த பட்டியற் கோப்பைத் திறந்து பார்த்தபோது காரணம் புலப்பட்டது. ஆங்கில முகவரிகள் இருந்தபடியே இருந்தன. ‘உடுப்பிட்டி’ என்றிருக்கவேண்டிய இடத்தில் வரிசையாகப் பதினொரு வினாக்குறிகள் இருந்தன. கோப்புப் பெயரில் வினாக்குறி வருவதை விண்டோஸ் அனுமதிப்பதில்லை. எனவே, நான்காவது அங்கம் திறக்க முயன்ற முகவரிகள் எக்காலத்தும் இருந்திருக்க முடியாதவை. கொடுக்கப்பட்ட முகவரியைக் காணாதவிடத்து எக்ஸ்புளோரர் ஆவணக் கோப்புறையைத் திறக்கும். அது மீண்டும் மீண்டும் திறந்ததன் காரணம் இதுவே.

பதினொன்று என்னும் எண் ஏன் எனக் கேட்கலாம். தமிழ் இலக்கண மரபின்படி உடுப்பிட்டி என்பதில் உ, டு, ப், பி, ட், டி என எழுத்துகள் ஆறு. யூனிக்கோட் எனப்படும் ஒருங்குறியிலோ உயிர்மெய் ஒரு குறியன்று; மெய்யின் வடிவுக்கு ஒரு குறியும், அதனைச் சாரும் உயிர்க்குறிக்கோ புள்ளிக்கோ மற்றொரு குறியும் வேண்டும். அவ்வாறெண்ணின் உடுப்பிட்டியின் குறிகள் 11. ஒவ்வொரு குறியும் ஒரு வினாக்குறியாக மாறியிருந்தது.

அப்பெயர்களைக் கணினியின் வன்வட்டு இழந்ததா? இல்லை. 1993 இல் விண்டோஸ் என்ரி உடன் வந்த கோப்பு முறைமை பெயர்களை ஆரம்பம் முதலே பதினாறு துணுக்குக் குறிகளாகச் சேமிக்கின்றது; தமிழ்ப் பெயர்கள் அதில் முழுமையாக உள்ளன. எக்ஸ்புளோரர் இழந்ததா? இல்லை, அது அப்பெயர்களைத் தமிழிலேயே காட்டிக்கொண்டிருந்தது. திறந்துள்ள கோப்புறைகளைத் திரட்டிய பவர்ஷெல்லும் நினைவகத்திற் பெயர்களைச் சரியாகவே வைத்திருந்தது. அங்கிருந்து கட்டளைச் சாளரத்தின் வழியாகப் பட்டியற் கோப்புக்குச் செல்லும் ஒரேயொரு குறுகிய வாயிலிலேதான் இழப்பு நிகழ்ந்தது. அவ்வாயில் தனக்கெனப் பழையதொரு குறிப்பட்டியலை வைத்திருக்கின்றது. அப்பட்டியலில் இல்லாத எழுத்து யாதாயினும் அதனை வினாக்குறியாக மாற்றியே வெளிவிடும்.

அமெரிக்க ஆங்கில அமைப்புடைய கணினிகளில் அப்பட்டியலின் எண் 437. 1981 ஓகஸ்டில் ஐபிஎம் நிறுவனம் தன் தனியாட் கணினியை வெளியிட்டபோது அதனுடன் வந்தது அது. அதில் இடங்கள் 256. ஆங்கில எழுத்துகள், மேலை ஐரோப்பிய மொழிகளுக்கு வேண்டிய சில எழுத்துகள், கணிதத்துக்கான கிரேக்க எழுத்துகள் சில, கட்டங்கள் வரைவதற்கான கோடுகள், புன்னகை முகங்கள், சீட்டாட்டத்தின் நால்வகைச் சின்னங்கள் ஆகியன அதில் இடம்பெற்றன. எவர் அக்கணினியை வாங்குவர் என அந்நிறுவனம் எதிர்பார்த்ததோ, அவர்தம் எழுத்துகளும் பொழுதுபோக்கும் அவ்விடங்களை நிரப்பின. பின்னர் விண்டோஸ் வளர்ந்தபோது அரபு, கிரேக்கம், உருசியம், தாய் முதலிய மொழிகளுக்கு எட்டுத் துணுக்குப் பட்டியல்கள் ஆக்கப்பட்டன. தமிழுக்கு விண்டோஸில் அத்தகைய பட்டியல் என்றுமே இருந்ததில்லை. விண்டோஸ் 2000 இல் லதா என்னும் எழுத்துருவுடன் தமிழ் வந்தபோது, அது ஒருங்குறியில் மட்டுமே வந்தது.

இதற்கிடைப்பட்ட காலத்தில் தமிழர் வாளாவிருந்தனர் என்பதன்று. ஈழத்திலே ‘பாமினி’ எழுத்துருவின் முறை அச்சகங்களிற் பரவியது. புலம்பெயர்ந்தோரும் தமிழகத்தாரும் தன்னார்வமாகக் கூடி ‘திஸ்கி’ என்னும் குறிமுறையை வகுத்தனர். 1999 இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்து ‘டாப்’, ‘டாம்’ என்னும் இரு முறைகளைத் தமிழக அரசு ஏற்றது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சு விசைப்பலகையை வகுத்த காலத்திலிருந்தே, எழுத்துக்கு இயந்திரத்தில் இடம்தேடும் முயற்சி பெரும்பாலும் தனிமனிதர் உழைப்பாலும் சிறு குழுக்களின் உழைப்பாலும் நிகழ்ந்துவந்துள்ளது. ஆயின் எழுத்துருவை ஆக்குதல் வேறு; இயங்குதளத்தின் உட்கூறுகளை உடைமையாகக் கொண்டிருத்தல் வேறு. இம்முறைகளுள் எதுவும் கட்டளைச் சாளரத்தின் வாயிலை எட்டவில்லை.

இங்கு ஒரு வினா எழும். ஒருங்குறி வந்து இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்னரும் 437 ஏன் நிலைத்திருக்கின்றது? தமிழின் மீது எவரேனும் கொண்ட பகைமையால் அன்று. அப்பட்டியலை நம்பி எழுதப்பட்ட பழைய மென்பொருள்கள் உலகெங்கும் வங்கிகளிலும் தொழிற்சாலைகளிலும் திணைக்களங்களிலும் இயங்கிவந்தன. அவற்றிலே பெரும் முதலீடு பொதிந்திருந்தது. வாயிலை மாற்றினால் அவை குலையும். கடந்தகால உழைப்பு இயந்திரமாக உறைந்து நின்று, இன்றைய உயிருள்ள உழைப்பினைத் தன் போக்குக்கு அமைய நடத்துவது பற்றி 1867 இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்பாகத்தில் மார்க்ஸ் விரிவாக ஆராய்ந்துள்ளார். உடுப்பிட்டியில் ஒரு பெண் தன் கோப்புறைகளுக்கு இட்ட பெயரை மாற்றிக்கொள்ள நேர்ந்தமை, அவ்வாய்வின் மிகச் சிறியதோர் உதாரணம் எனலாம். பழைய உழைப்புகளிடையே உள்ள உறவு அவருக்கு உறவாகத் தோன்றவில்லை. “தமிழுக்குக் கணினி சரிவராது” என்னும் பொருளின் இயல்பாகவே தோன்றியது.

5

வாயிலைத் திருத்திய பின் பெரும்பாலான தமிழ்க் கோப்புறைகள் மீண்டன. ஆயினும் ‘கோயில் மலர்கள்’ என்னும் கோப்புறை மட்டும் திறக்க மறுத்தது. நாள்தோறும் தவறாது திறக்கவேண்டிய கோப்புறை என்பதனால், அதன் பெயர் நிரலிலேயே கையால் எழுதப்பட்டிருந்தது. நிரலிலுள்ள பெயரையும் கோப்புறையின் பெயரையும் அருகருகே வைத்து நோக்கினோம். கண்ணுக்கு எவ்வேறுபாடும் தெரியவில்லை. குறிகளை எண்ணியபோது ஒன்று மற்றதிலும் ஒரு குறி மிகுந்திருந்தது.

ஒருங்குறியில் ‘கோ’ என்பதை இருவகையாக எழுதலாம். ககரத்தை அடுத்து ஓகாரக் குறியை ஒரே குறியாக இடுதல் ஒன்று. ககரத்தை அடுத்து ஏகாரக் குறியையும் அதன்பின் காலையும் தனித்தனியே இடுதல் மற்றொன்று. இரண்டும் தம்முள் சமமானவை என ஒருங்குறி விதி கூறுகின்றது. விண்டோஸின் கோப்பு முறைமையோ அவ்விதியை நோக்குவதில்லை. குறிகள் வேறாயின் பெயர்களும் வேறு எனவே கொள்ளும். பாமினியில் இருந்த பழைய பெயர்களை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் சில இரண்டாம் வகையையே தருகின்றன. கோப்புறையின் பெயர் அவ்வாறு வந்தது. நிரலில் உள்ளதோ விசைப்பலகையில் நேரே எழுதப்பட்டது. ஔகாரத்திலும் இத்தகைய குழப்பம் நேர்வதுண்டு. ஔ என்னும் எழுத்தை ஒகரமும் ளகரமுமாகப் பிரித்து எழுதிவிடுவோர் பலர்.

ஏட்டுச்சுவடிகளை ஆராய்ந்தோர் இதன் மறுதலையை நன்கறிவர். சுவடிகளில் மெய்க்குப் புள்ளியிடும் வழக்கம் அருகியிருந்தது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. காலும் ரகரமும் ஒரே வடிவினவாயிருந்தன. 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இல் கலித்தொகையையும் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை முதலியோர் பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடம் துணிந்தது இத்தகைய ஏடுகளை வைத்தே. அங்கு வடிவம் ஒன்று. அது குறிக்கும் எழுத்துகள் பல. கணினியிலோ எழுத்து ஒன்று, வடிவமும் ஒன்று, குறிகள் இரண்டு. அங்கு பதிப்பாசிரியர் சூழலை நோக்கிப் பாடத்தைத் துணிந்தார். இங்கு எந்திரத்துக்குச் சூழல் தெரியாது. ஆகவே பெயர்களை ஒரே வகைக்குக் கொணரும் பணியை மனிதரே முன்னதாகச் செய்துவைத்தல் வேண்டும். தொகுப்பிலுள்ள கோப்புறைப் பெயர்கள் அனைத்தையும் கூட்டுக்குறியாகிய முதல் வகைக்கு மாற்றுவது சிறிய நிரலொன்றால் ஒருமுறை செய்துவிடக்கூடியது.

6

மேற்கூறியவற்றிலிருந்து, பழுது தேடுவோர்க்குப் பயன்படும் பொதுவிதி ஒன்றைப் பெறலாம். தமிழ் சிதைந்து தோன்றும் வகைகள் மூன்று. மூன்றுக்கும் காரணங்கள் வேறு.

வினாக்குறிகள் தோன்றின், எழுதும் கட்டத்தில் இழப்பு நிகழ்ந்துவிட்டது. அக்கோப்பிலிருந்து பெயரை மீட்கவியலாது. எழுதிய இடத்தைத் திருத்தி மறுபடி எழுதுதல் வேண்டும். தலையிற் கோடிட்ட ஐரோப்பிய எழுத்துகளும் வேறு அடையாளங்களும் நெருங்கி வரின், தகவல் பெரும்பாலும் சிதையாது உள்ளது. வாசிக்கும் கட்டத்தில் தவறான குறிப்பட்டியல் பயன்பட்டுள்ளது. யூரிஎஃப் 8 என்னும் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று எண்மிகள் வேண்டும், உடுப்பிட்டிக்கு 33. அவற்றை ஐரோப்பியப் பட்டியலைக்கொண்டு வாசிப்பதனால் இத்தோற்றம் உண்டாகின்றது. வெற்றுச் சதுரங்கள் தோன்றின், எழுத்துரு மட்டுமே இல்லை, தகவலுக்கு ஊறில்லை. கட்டளைச் சாளரம் தமிழைச் சதுரங்களாகக் காட்டியபோதும் நிரல் சரியாக இயங்குதல் கூடும். ஆதலின் அச்சாளரத்தின் தோற்றத்தைச் சான்றாகக் கொள்ளாது, கோப்பைத் திறந்து பார்த்தே முடிவு கூறுதல் தகும்.

திருத்தத்துக்கு வழிகள் இரண்டு. முதலாவது, வாயிலை மாற்றுதல். கட்டளைச் சாளரத்தின் குறிப்பட்டியலை யூரிஎஃப் 8 இற்குரிய 65001 என்னும் எண்ணுக்கு நிரலின் தொடக்கத்திலேயே மாற்றி, பவர்ஷெல்லின் வெளியீட்டுக் குறிமுறையையும் அவ்வாறே அமைத்தல். இங்கு ஒரு முரண்பாடு கவனிக்கத்தக்கது. விண்டோஸுடன் வரும் பவர்ஷெல் 5.1, தமிழெழுத்துள்ள நிரற்கோப்பின் தலையில் அடையாளக்குறி ஒன்று இருந்தாலன்றி அதனை யூரிஎஃப் 8 என அறியாது. பழைய கட்டளைத் தொகுதிக் கோப்போ அவ்வடையாளக்குறி இருந்தால் முதல் வரியிலேயே தடுமாறும். ஆகவே ஒன்றை அடையாளக்குறியுடனும் மற்றதை அஃதின்றியும் சேமித்தல் வேண்டும். 2020 இல் வெளிவந்த பவர்ஷெல் 7 இத்தொல்லையைக் களைந்துள்ளது. ஆயின் அதனைத் தனியாக நிறுவவேண்டும். 2018 முதல் விண்டோஸ் 10 இல், கணினி முழுவதையும் யூரிஎஃப் 8 இற்கு மாற்றும் தெரிவொன்று சோதனை நிலையில் தரப்பட்டது; பாமினி போன்ற பழைய முறைகளை நம்பிய மென்பொருள்கள் உள்ள இடங்களில் அதனைத் தீர ஆராய்ந்தே கைக்கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது வழி, வாயிலையே தவிர்த்தல். பட்டியலைத் திரட்டுதல், ஓட்டை முடித்தல், எழுப்புதல், கோப்புறைகளைத் திறத்தல் ஆகிய நான்கினையும் ஒரே பவர்ஷெல் நிரலிற் செய்துவிட்டால், முகவரிகள் நினைவகத்தை விட்டு வெளியேறத் தேவையில்லை, இழப்புக்கும் இடமில்லை. இதுவே எளிது. எனினும் இடையில் மின்சாரம் நின்றால் பட்டியல் மறைந்துபோம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டைக் கண்ட நாட்டில் இதனைப் புறக்கணித்தல் ஒண்ணாது. ஆகவே நினைவகத்தில் வைத்துக்கொள்வதோடு, யூரிஎஃப் 8 எனக் குறிமுறையைத் தெளிவாகக் கூறி ஒரு கோப்பிலும் எழுதிவைத்தோம். கோப்புறையின் இணைய வடிவ முகவரியைக் கொள்ளாது, கோப்பு முறைமை தரும் நேர்முகவரியையே கொண்டோம். இணைய வடிவில் இடைவெளிகள் வேறு குறிகளாக மாறிவிடும். நிருவாகிக்குரிய அதிகாரத்துடன் இந்நிரலை இயக்கவேண்டியதில்லை. விண்டோஸ் 11 இல் 2022 முதல் கோப்புறைச் சாளரங்களுக்குத் தாவல்கள் வந்துள்ளன. அங்கு இவ்வகை நிரல் ஒரே சாளரத்தின் தாவல்களைத் தனித்தனிச் சாளரங்களாகத் திறக்கும் என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும்.

7

இனி, அப்பெண் கண்ட தீர்வுக்கு மீள்வோம். ஆங்கில எழுத்தில் பெயரிட்டால் பழுது நேராது என்பது உண்மை. ஆயின் உடுப்பிட்டி என்பதை ஆங்கில எழுத்தில் எவ்வாறு எழுதுவது? பகர ஒலிக்கு ஓரெழுத்து இடுவாரும் உளர்; இரண்டிடுவாரும் உளர். இறுதி இகரத்துக்கு ‘ஐ’ என்னும் எழுத்தை இடுவாரும் உளர். ‘வை’ என்னும் எழுத்தை இடுவாரும் உளர். இவ்விரண்டு வேறுபாட்டினாலேயே ஓர் ஊர்ப்பெயர் நான்கு வடிவம் பெறுகின்றது. நிலையத்திலே மூவர் முறைவைத்துப் பணிபுரிந்தமையால், சில வாரங்களுள் அவ்வூர்க் கோப்புகள் மூன்று வெவ்வேறு கோப்புறைகளிற் சிதறின. ஒரு கல்வெட்டினைத் தேடிவந்த முதியவருக்கு, அது அங்கிருந்தும், இல்லை என்று சொல்லி அனுப்ப நேர்ந்தது.

உடுப்பிட்டிச் சிவசம்புப் புலவர் என வழங்கும்போது ஊர்ப்பெயர் புலவர் பெயரின் பகுதியாகவே நிற்கின்றது. ஈழத்துப் புலமை மரபில் ஊர்ப்பெயர் வெறும் அடைமொழியன்று; ஒருவரை மற்றொருவரிலிருந்து பிரித்தறியும் அடையாளம் அது. அவ்வடையாளம் நான்காகச் சிதறுமாயின் தேடுவோர்க்குப் புலவரும் சிதறுவார். ஆவணமொன்று அழிவதற்கு அதனை எரிக்கவேண்டியதில்லை. அதன் பெயரைத் தேடிக் காணவியலாதபடி செய்தாலும் போதும்.

தமிழ் கணினிக்கு ஏலாது என்னும் விரக்தியும், தமிழே கணினிக்கு இயல்பாகப் பொருந்திய மொழி என்னும் பழம்பெருமைக் கூற்றும் இவ்விடத்து ஒருங்கே பயனற்றவை. முன்னது பெயரை மாற்றச் சொல்லும். பின்னது பழுதே இல்லை என்னும். வரலாற்று நோக்கோ, பழுது எவ்விடத்தில், எப்போது, எவர் தேவையை முன்னிட்டுப் புகுந்தது எனக் கேட்கின்றது. அவ்வாறு கேட்டதனாலேயே அதனைக் களையும் வழியும் எமக்குத் தென்பட்டது. வாயிலைத் திருத்துவதற்கு எமக்குத் தேவைப்பட்டவை நிரலின் சில வரிகள் மட்டுமே. அவ்வரிகளை எழுதுமுன் பழுது மொழியிலன்று, வாயிலிலேதான் உள்ளது என உணர்தல் வேண்டியிருந்தது.

இப்போது அந்நிலையத்தில் கோப்புறைகள் மீண்டும் தமிழ்ப் பெயர்களைப் பெற்றுள்ளன. நிரலின் ஒவ்வொரு வரிக்கும் மேலே, அவ்வரி யாது செய்கின்றது, ஏன் செய்கின்றது என்பது தமிழில் எழுதப்பட்டுள்ளது. அவ்விளக்கங்களை எழுதியவர் அப்பெண்ணே. எமக்குப் பின் வருவோர் அதனை வாசித்துத் தாமே திருத்திக்கொள்ளலாம். ஊர்மட்ட எண்ணிமப்படுத்தலில் ஈடுபட்டுள்ள ஏனையோரும் தாம் கண்ட பழுதுகளையும் திருத்தங்களையும் இவ்வாறு தமிழிலே பதிவுசெய்வாராயின், தனித்தனி அறைகளில் நிகழும் உழைப்பு பொது அறிவாக மாறும். அத்தகைய பதிவுகளைத் தொகுத்து ஆராய்வது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.